வேகத்தடையில் மஞ்சள் வண்டி

இப்போதெல்லாம் எதற்கு வாங்குகிறோம் என்று யோசித்து எவனும் எதையும் வாங்குவதில்லை. அடுத்தவன் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் குடியிருக்கிற வீட்டை விற்கச் சொன்னாலும் விற்பார்கள்.

தெருமுனையில் நின்று வேன்காரர் இப்படித்தான் நினைத்துக்கொண்டார். சரக்கு வேன் ஓட்டியே தலை நரைத்த மனுஷன். எதிரே தரையை ஒட்டின மாதிரி ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார், முன்சக்கரம் அந்தப் பக்கமும் பின்சக்கரம் இந்தப் பக்கமுமாக, வேகத்தடை மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்திருந்தது. மிதிபட்ட தவளை மாதிரி.

அதன் பக்கத்தில் அவருடைய ஒரே மகள். அவளை ஒட்டி, டேபிள் ஃபேன் பெட்டி ஒன்றை அணைத்தபடி ஒரு பையன். கறுப்புக் கண்ணாடி, கசங்காத சட்டை. வண்டிக்கு ஏற்ற ஆள்தான் என்று வேன்காரர் முடிவுகட்டிவிட்டார்.

மகள் வெளியூரில் சொந்தமாக ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறாள். "ரெண்டு சமாச்சாரம் இருக்குப்பா, நேர்ல வந்து சொல்றேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். ஒன்று கல்யாணம் என்பது அவளுடைய குரலிலேயே தெரிந்தது. "ஒருத்தரக் கூட்டிட்டு வரேன். நீங்க சரின்னு சொன்னாதான்" என்றும் சொல்லியிருந்தாள்.

வண்டியைப் பார்த்ததுமே அவர் அந்த 'சரி'யைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"வணக்கங்க." பையன் கண்ணாடியைக் கழற்றினான். ஒரு காலை உதறிக்கொண்டே, "இது உங்களுக்குத்தாங்க. வைக்க இடமில்லாம வழியெல்லாம் மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தேன். கால் மரத்துப் போச்சு" என்றான்.

"இத்தனை காசு போட்ட வண்டியில ஒரு ஃபேனு வைக்க இடமில்ல. எத்தனை பேரு உக்காரலாம்?"

"ரெண்டு பேருங்க."

"நாளைக்குப் புள்ள பொறந்தா? மேல கட்டி எடுத்துட்டுப் போறதா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். வேன்காரர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அப்பா, கொஞ்சம் நான் சொல்றத..."

"நீ இரு பாப்பா. நான் இவருகிட்ட பேசிக்கிறேன்."

தெருமுனைக் கடைத் தையல்காரர் வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் தடவிப் பார்த்தார். "என்னா வழவழப்பு அண்ணே. இந்தக் கலர்ல பட்டுகூடக் கெடைக்காது."

"கைய எடுய்யா. ரேகை பட்டா அதத் தொடைக்கத் தனியா ஒரு ஆளு வரணுமாம்."

பின்னால் சிலிண்டர் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஹாரனை அமுக்கித் தள்ளினார். "என்ன பெருசு, ஷூட்டிங்கா? முடிஞ்சதும் சொல்லி விடுங்க, நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்."

வேன்காரருக்கு மானம் போனது. இந்தத் தெருவில் அவர் வண்டி ஒருநாளும் வழிமறித்து நின்றதில்லை. மகளின் தொட்டில், சைக்கிள், கல்லூரிக்குப் போனபோது கட்டில் மெத்தை எல்லாமே அந்த வேனில்தான் போயின. ஒருநாளாவது அது இடமில்லை என்று சொன்னதா?

"மழ பெஞ்சா இங்க முட்டியளவு தண்ணி நிக்கும். அப்ப?"

"அப்ப வெளிய எடுக்கக் கூடாதுங்க."

"மேடு பள்ளம்?"

"அதுலயும் கூடாதுங்க."

"பின்ன எதுலதான்யா ஓடும்?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "நிறுத்தி வெச்சா நல்லாருக்கும்ங்க."

ஒருத்தன் கஞ்சனாக இருக்கலாம், முன்கோபியாக இருக்கலாம், அதையெல்லாம் திருத்திவிடலாம். நிறுத்தி வைப்பதற்கென்று வண்டி வாங்குகிறவனை என்ன செய்வது? வேன்காரர் மகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இந்தப் பையன் உனக்கு வேணாம்."

மகளின் கண் நிறைந்துவிட்டது. பையன் அவளைப் பார்த்தான். பெட்டியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டான்.

சிலிண்டர் வண்டி மறுபடியும் கத்தியது. சம்பந்தம் வேண்டாம் என்றாலும் தெருவுக்கு வழி விட வேண்டுமே. வேன்காரர் தன் வேனில் சரக்கு ஏற்றுகிற பலகைகளைத் தூக்கி வந்தார். ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, சக்கரங்களுக்கு அடியில் செருகினார்.

"ம், ஏறு தம்பி. பலகைய விட்டு எறங்காம மெதுவா முன்னால எடு."

பையன் அசையவில்லை.

"ஏறுய்யா. எவ்வளவு நேரம் இவங்க பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. நான் பஸ்ஸுல போறவன்."

மகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். எந்த வண்டியானாலும் வெறுங்காலோடுதான் ஓட்ட வேண்டும் என்பது அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம். ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்து, சாவியைக் கையில் எடுத்தாள்.

"ரெண்டாவது சமாச்சாரம் இதாம்ப்பா" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "போன மாசம் வாங்கினேன்."

என்ஜின் உறுமியது. அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து தட்ட, வேன்காரரின் வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல் தன்னால் தரையை ஒரு அழுத்து அழுத்தியது. அந்தக் காலின் மேல் அவருக்கு எரிச்சலாக வந்தது.

வண்டி பலகையை விட்டு நழுவாமல் வழுக்கிக்கொண்டு முன்னால் இறங்கியது. கூட்டம் கைதட்டியது. அவர் தட்டவில்லை. பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். பையன் பெட்டியோடு நொண்டி நொண்டிப் பின்னால் வந்தான்.

வேன்காரர் நடையை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, இந்தப் பொண்ணு உனக்கு வேணாம்."