பத்தொன்பதாவது பெயர்

"உசுரோட இருக்குற ஆளு பேரை எப்படி மாமா செத்தவுக கல்லுல வெட்டச் சொல்றது?"

"வெட்டட்டுமே தாயி. கல்லுக்கு வலிக்கவா போகுது?"

லிண்டா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினாள். எதிரே அருளானந்தம் மாமா, அவள் கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மாதா கோயிலில் முப்பது வருடமாக மணி அடிப்பவர் அவர்தான்.

தனுஷ்கோடிப் புயல் நினைவு நாளுக்கு இன்னும் ஒரு வாரம். ஒவ்வொரு வருடமும் அன்றைய பூசையில், கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயருக்கு ஒரு மணி விழும். இந்த வருடம் அதே பெயர்களைக் கல்லிலும் பொறிக்கிறார்கள். பழைய நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்வதும், பூசையில் வாசிப்பதும் லிண்டாவின் பொறுப்பு.

பத்தொன்பதாவது பெயரில்தான் அவள் நின்றுவிட்டாள். அருளானந்தம், தகப்பன் சவரிமுத்து, வயது மூன்று. மாமாவின் தகப்பன் பெயரும் சவரிமுத்துதான்.

பூசையில் தகப்பன் பெயரை வாசிப்பதில்லை. அதனால் அது வேறு யாரோ என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

"அப்ப வருசா வருசம் உங்களுக்கு நீங்களே சாவு மணி அடிச்சிருக்கீக."

"ஆமா. நல்லாத்தான் அடிச்சேன். ஊரே கூடி என் ஆன்மாவுக்குச் செபிக்குது, இது எந்தப் பணக்காரனுக்குக் கெடைக்கும்? அதான் சக்கரையும் இல்ல, பிரசரும் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சாயங்காலத்துக்குள் கல்வெட்டுகிறவருக்கு வாட்ஸ்அப்பில் பட்டியலை அனுப்பியாக வேண்டும்.

"வெளாட்டு இல்ல மாமா. கல்லுல ஏறிட்டா அப்புறம் அழிக்க முடியாது. உங்க பேரன் பள்ளிக்கூடம் விட்டு வாரப்ப படிச்சிட்டு, தாத்தா எப்ப செத்தாருன்னு கேக்கப் போறான்."

"கேட்டா, சோறு திங்கிற நேரம் தவிர மத்த நேரமெல்லாம் செத்தவருதான்னு அவன் அப்பத்தா சொல்லுவா."

"வயசும் தப்பா இருக்கு. பங்குப் பதிவேட்டைப் பாத்தேன். புயல் அடிச்சப்ப உங்களுக்கு ஒண்ணரை வயசுதான். இதுல மூணுன்னு இருக்கு."

"வயசெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார் மாமா.

இவரிடம் பேசிப் பயனில்லை என்று லிண்டா அந்த வரியைத் தேர்ந்தெடுத்தாள். திரையில் பெயர் நீலமாக மாறியது. விரல் அழிக்கும் விசைக்குப் போனது.

"அழிச்சிராத தாயி."

குரலில் கேலி இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். மாமா டம்ளரைக் கீழே வைத்திருந்தார்.

"அது நான் இல்ல. சவரிமுத்து அய்யாவும் அம்மாவும் பெத்த பிள்ளை. அவனைக் கடல் கொண்டுபோயிருச்சு. மூணாம் நாள் மண்டபம் முகாம்ல, யாரும் தேடி வராம அழுதுக்கிட்டுக் கெடந்த பிள்ளை நான். அம்மா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சாம். நான் திரும்பிப் பாத்தேனாம். அம்புட்டுத்தான். என் கல்யாணத்தன்னைக்குத்தான் அய்யா சொன்னாரு."

லிண்டாவின் விரல் விசையை விட்டு விலகியது.

"ஊருல யாருக்கும் தெரியாதா மாமா?"

"அங்கன இருந்து தப்பிச்சவுக ஆளுக்கொரு பக்கம் போயிட்டாக. இங்கன யாருக்குத் தெரியும்?" மாமா மறுபடி சிரித்தார். "எனக்கு ஒரு குறையும் இல்ல. அவன் பேரு, அவன் தட்டு, அவன் அம்மா மடி, எல்லாம் எனக்குத்தான் வந்துச்சு. கல்லாவது அவனுக்கு இருக்கட்டுமே."

மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னையப் பெத்தவுக பேரு எனக்குத் தெரியாது. எந்தச் சாமியக் கும்பிட்டாகன்னும் தெரியாது. இந்தத் தடவ அவன் பேரை வாசிச்சதும் கொஞ்சம் நிறுத்துறியா தாயி? பேரு இல்லாம நான் ரெண்டு மணி அடிச்சுக்கிறேன்."