அப்பா தனக்கு வாங்கிய ஷாம்பு

உச்சந்தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. சில்லென்று இருந்தது.

ஏணியின் மேல்படியில் நின்று அப்பா மின்விசிறியின் இறக்கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்குத் தரப்பட்டிருக்கும் அதிகபட்சப் பொறுப்பு அது.

அப்பாவை விசாரிக்க இதைவிட நல்ல நேரம் அமையாது. இறங்க வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

விஷயம் இதுதான். குளியலறையில் திடீரென்று ஒரு ஷாம்பு முளைத்திருக்கிறது. பொடுகுக்கான மருந்து ஷாம்பு. என் சோப்புப் பெட்டியை ஒட்டி, சரியாக என் கண் உயரத்தில். யாருடையது என்று அம்மாவிடம் கேட்டேன். அப்பா தனக்கு வாங்கியது என்றாள். சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோது அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

அப்பாவின் தலைக்குப் பொடுகு வந்தால், பாவம், அதற்கு உட்கார இடம் கிடையாது. வந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். குளிக்கும்போது காலுக்குப் போடும் சோப்பே முகத்தில் ஏறி, பிடரி வரை போய் இறங்கும். நெற்றி எங்கே முடிகிறது என்று அந்தச் சோப்புக்கே தெரியாது.

எங்கள் வம்சமே அப்படித்தான். தாத்தா, பெரியப்பா, அப்பா, சித்தப்பா. நால்வரும் வரிசையாக நிற்கும் கல்யாணப் படத்தில் கேமராக்காரர் ஃபிளாஷை அணைத்துப் பார்த்திருக்கிறார். பயனில்லை.

அந்தச் சாபத்திலிருந்து தப்பித்த ஒரே ஆண் நான். எனக்கு அம்மா வீட்டு முடி. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று வாரி, ஒரு கற்றையை நெற்றியில் விழவிட்டு, எல்லாம் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கல்லூரிக்குக் கிளம்புவேன். என் பேரில் இருக்கும் ஒரே சொத்து அது. அதுவும் போய்விட்டால் மிச்சம் மதிப்பெண்கள்தான். அவற்றைக் காட்டி யாரையும் மயக்க முடியாது.

மருந்துக்கடை அண்ணனிடம் ஷாம்புவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். பொடுகுக்குத்தான் என்றார். ஆனால் ஆண்களுக்கு உச்சியில் முடி கொட்டத் தொடங்கும்போதும் சில டாக்டர்கள் இதை எழுதுகிறார்களாம். வாரம் இரண்டு தடவை நுரைக்கத் தேய்த்து, ஐந்து நிமிடம் அப்படியே விட்டு அலச வேண்டும். போன முடியை இது கூப்பிட்டு வராது. போகக் கிளம்பிய முடியின் காலைப் பிடித்துக் கொஞ்ச நாள் கெஞ்சிப் பார்க்கும், அவ்வளவுதான். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இருமல் மிட்டாய்களைக் குனிந்து பார்த்தபடி, எங்கள் அப்பாவுக்கு அது ரொம்பத் தாமதம் என்றேன்.

அப்பாவுக்கா என்று கேட்டார். நான் நிமிர்ந்தபோது அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, பிடித்து வைக்க ஒன்றுமில்லாதவர் பிடித்து வைக்கும் மருந்தை எதற்காக வாங்க வேண்டும்? அதுவும் வாங்கிய நாளிலிருந்து மூடியின் சீல்கூட உடையவில்லை.

அப்பாவுக்கு இந்த வீண்செலவு வியாதி முன்பே உண்டு. போன வருடம் தனக்கென்று ஒரு பாடி ஸ்பிரே வாங்கி வந்து, என் கல்லூரிப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு நாள்கூட அடித்துக்கொள்ளவில்லை. வீணாகிறதே என்று நான்தான் அடித்துத் தீர்த்தேன். அதற்கு முன்னால், ஷூவுக்குள் போடும் வாசனைப் பவுடர். அவர் செருப்பு மட்டுமே போடுகிறவர். அதையும் நான்தான் தீர்த்து வைத்தேன். தீர்ந்ததும் சொல்லச் சொல்வார், தனக்கு இன்னொன்று வாங்க வேண்டும் என்று.

ஏணியைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்துக் கேட்டே விட்டேன்.

"ஏம்ப்பா, உங்க தலைக்கு எதுக்கு ஷாம்பு?"

துணி நின்றது.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அப்பாவின் தொழில். லிஃப்ட்டின் கூரைமேல் ஏறி நின்று நாளெல்லாம் கீழே பார்க்கிறவர். கோளாறு கண்ணில் பட்டால் வாயைத் திறக்கமாட்டார், அதற்கான சாமானை எடுத்துப் பக்கத்தில் வைப்பார் என்று அவருடன் வேலை செய்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"மேல பாக்காத, கண்ணுல தூசி விழும். கீழ பாரு."

குனிந்தேன்.

கொஞ்ச நேரம் துடைக்கிற சத்தமே வரவில்லை. அப்பா மின்விசிறியைப் பார்க்கவில்லை என்பது என் பிடரிக்குத் தெரிந்தது.

இன்னொரு சொட்டு விழுந்தது. அதே இடத்தில்.

அடர்ந்த முடியில் விழும் சொட்டு நேராகத் தோலுக்கு வராது. அங்கே இங்கே சிக்கி, வழி கேட்டு, சில்லிப்பெல்லாம் போன பிறகுதான் வந்து சேரும். போன வருட மழையில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

இது யாரிடமும் வழி கேட்கவில்லை.

ஏணியிலிருந்து ஒரு கையை எடுத்து, மெதுவாக உச்சிக்குக் கொண்டுபோனேன். பாதி வழியில் மனது வரவில்லை. மறுபடியும் ஏணியையே பிடித்துக்கொண்டேன்.

மேலே துணி ஓடத் தொடங்கியது.

"தீந்தா சொல்லு," என்றார் அப்பா. "எனக்கு இன்னொன்னு வாங்கணும்."