டி டிரைவ்

“கொம்பியூட்டரில டி டிரைவைக் காணேல்லை, தம்பி. மகன்ர படம் முழுக்க அதுக்குள்ளதான் இருந்தது.”

கதவைத் திறந்ததும் கனகேஸ்வரி சொன்னது இதைத்தான். கொம்பியூட்டர் திருத்த வந்த புவாத் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கதவைப் பூட்டிவிட்டாள்.

அந்த வாரம் கொழும்பு வெள்ளவத்தையில் யாருக்கும் நிம்மதி இல்லை. முதல்நாள் பின் ஒழுங்கையில் ஆமி வீடு வீடாகத் தேடியது. ஒரு வீட்டில் கொம்பியூட்டரையும் அதற்குச் சொந்தக்காரரையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

புவாத் தன் சீடியைப் போட்டுப் பார்த்தான். டி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“யாரு அன்டி கை வெச்சது? மகளா?”

“இல்லை, நான்தான். எதையோ அமத்திப்போட்டன்.”

“பயப்பட வாணாம். படம் ஒண்டும் அழிஞ்சி போகல்ல. எங்க இரிக்கிண்ட விபரம்தான் போயிரிக்கி. தேடி எடுக்கலாம்.”

அவள் முகம் தெளியவில்லை. கீழே ஜீப் சத்தம் கேட்க, ஓடிப்போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். மகள் தர்மினி கையில் புத்தகத்தோடு அறை வாசலில் நின்றாள். அவள் வாசிக்கவில்லை.

“வேற ஆரும் இப்பிடித் தேடி எடுப்பினமோ, தம்பி?”

“புரோகிராம் இரிந்தா யாரும் எடுப்பாங்க” என்று புவாத் சிரித்தான்.

திரையில் தேடல் ஊர்ந்தது. கனகேஸ்வரி தேத்தண்ணி போடப் போய், போடாமலே திரும்பி வந்தாள். கடைசியில் டி டிரைவ் வந்தது. திறந்தான்.

வெள்ளைப் பள்ளிச் சட்டையில் ஒரு பையன். தங்கச்சியின் வாயில் கேக்கைத் திணிக்கும் பையன். கடலுக்குள் முழங்கால் வரை நின்று கையாட்டும் பையன். பிறகு, புலிகளின் வரிச் சீருடையில் ஒரு இளைஞன்.

புவாத்தின் கை மவுசிலிருந்து தானாக விலகியது.

“சமாதானக் காலத்தில கிளிநொச்சிக்குப் போய் எடுத்தது” என்றாள் கனகேஸ்வரி. “போன வருசம் அவன் இல்லையெண்டு சேதி வந்தது. வாய்விட்டு அழக்கூட ஏலாமல் போச்சு.”

புவாத் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“எல்லாத்தையும் சீடியில அடிச்சித் தாறன், அன்டி. எங்கயாவது ஒளிச்சி வெச்சிக்கோங்க.”

கனகேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தர்மினி வந்து அவள் தோளில் கைவைத்தாள். கேக் படத்தில் இருவருமே சிரித்துவிட்டார்கள். தெருவில் ஒரு ட்ரக் வந்து நின்றது.

“போதும் அம்மா” என்றாள் தர்மினி.

கனகேஸ்வரி திரையில் மகனின் கன்னத்தை விரலால் தொட்டாள். பிறகு கீபோர்டைப் புவாத் பக்கம் தள்ளினாள்.

“பொலிஸில குடுத்த வீட்டுப் பதிவில எங்களுக்கு இவள் ஒருத்திதான் பிள்ளை. தெரிஞ்சுதான் அழிச்சனான். நான் அழிச்சது போதுமோ எண்டு பாக்கத்தான் உங்களைக் கூப்பிட்டது.”

புவாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இனி ஒருத்தராலயும் எடுக்கேலாத மாதிரி அழிச்சு விடுங்கோ, தம்பி.”