ஹப்புவின் மைச்சிமிழ்

நைல் நதியின் மேற்குக் கரைப் படகுத்துறையில் கண்மை விற்கும் இப்பி, தன்னை யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள ஒருநாளும் சலித்ததில்லை. மையில் அடுப்புக்கரி கலப்பான்தான். ஆனால் சுத்தமான கரி.

அன்று காலை அக்கரையிலிருந்து வந்த ஒரு பணக்காரப் பெண் நீல நிறச் சிமிழ் ஒன்றை அவன் முன்னால் வைத்தாள். ஒரு குரங்கு கட்டிப்பிடித்திருப்பது போல் செய்த, விலை உயர்ந்த சிமிழ்.

"நான் தட்டான் ஹப்பு சம்சாரம், பேரு நெபெத். இது அவரோட சிமிழ். எருக்கம்பால் கலந்து இதுல மை போட்டுக் குடு. ஒரு தடவை தீட்டினாலே கண்ணு அவிஞ்சுடணும்."

இப்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "விஷயம் வெளியில வந்தா என் மூக்கை அறுத்துடுவாங்கம்மா."

"புகார் குடுக்க அவரு வரமாட்டாரு."

"அப்படி என்னம்மா பண்ணிட்டாரு மனுஷன்?"

"ஹெனுத்துன்னு ஒருத்தி. என்கூடக் குடும்பம் நடத்திக்கிட்டே அவ பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. நாளைக்கு ஒரேயடியா அவகிட்டயே போறாரு. போகட்டும். ஆனா அவ மூஞ்சியை அவரு பாக்கக்கூடாது." அவள் கையிலிருந்த தங்க வளையலைக் கழற்றி வைத்தாள்.

வளையலைக் கண்டதும் இப்பியின் மனசாட்சி சற்றுக் காற்று வாங்க வெளியே போனது. மையை ஒரு குறையும் வைக்காமல் கலந்து கொடுத்தான்.

மறுநாள் விடிந்ததும் மனசாட்சி திரும்பி வந்தது. கண்ணைக் கெடுக்கவே ஒருத்தி வளையலைக் கழற்றிக் கொடுத்தால், கண் பிழைத்த தட்டான் என்னதான் கொடுக்கமாட்டான்? தவிர, பெண்டாட்டியின் சதியைப் புருஷனிடம் போட்டுக்கொடுப்பது ஒரு யோக்கியனின் கடமையல்லவா. முதல் படகிலேயே அக்கரைக்குப் போய்விட வேண்டும் என்று துறையில் வந்து நின்றான்.

படகு வந்தது. அதிலிருந்து நெபெத்தே இறங்கினாள்.

போச்சு, காரியத்தை முடித்துவிட்டாள் என்று இப்பி பதறினான். "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? மை தீட்டிட்டாரா?"

"இன்னும் இல்ல" என்ற நெபெத், படகிலிருந்து நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்த சவப்பெட்டியைக் காட்டினாள்.

"செத்து எழுபது நாள் ஆச்சு. கல்லறையில தலைமாட்டுல வச்சுடறேன். மறு உலகத்துல கண்ணு முழிச்சதும் தீட்டிக்குவாரு, ஒன்பது வருஷமா அங்க காத்துக்கிட்டிருக்கிற மூத்த சம்சாரத்தைப் பாக்கறதுக்கு முந்தி."