பாட்டு நின்ற வீடு

“யாரு போயிட்டாங்க இரோஷினி?”

வெள்ளைப் புடவையும் கையில் ஒரு பொட்டலம் சீனியுமாக வாசலில் வந்து நின்ற எதிர்வீட்டு சோமலதா இப்படிக் கேட்டதும், இரோஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“யாரும் போகலையே அக்கா. எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?”

“பின்ன ஏன் அந்தப் பாண்காரன் உங்க வீட்டைத் தாண்டும்போது மட்டும் பாட்டை நிறுத்திட்டுப் போறான்? நானும் ரெண்டு மூணு நாளா பார்க்கறேன். குருநாகல்ல இருக்கற உங்க மாமனாருக்குத்தான் என்னவோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“அவருக்கென்ன, இன்னும் சைக்கிள் ஓட்டிக்கிட்டுத் திரியறார்.”

சோமலதாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். வந்ததற்கு ஒரு டீயைக் குடித்துவிட்டு, துக்க வீட்டுக்கென்று கொண்டுவந்த சீனிப் பொட்டலத்தை மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

இலங்கையின் கம்பஹாவில் அந்தப் பக்கமெல்லாம் சாயங்காலமானால் பாண், அதாவது ரொட்டி, விற்கிற ஆட்டோ ஒரு பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக வரும். எழவு வீட்டைத் தாண்டும்போது மட்டும் மரியாதைக்காகப் பாட்டை நிறுத்துவார்கள்.

இரோஷினிக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் விபுல வேலை பார்க்கும் தொழிற்சாலையில் போன மாதம் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் கூடி, ஆளுக்கொரு வீண் செலவை விடுவது என்று முடிவு செய்தார்கள்.

விபுல லாட்டரிச் சீட்டை விட்டான். இரோஷினி சீரியல் பார்ப்பதற்காகக் கட்டிக்கொண்டிருந்த டிஷ்ஷை விட்டாள். அவர்களுடைய ஏழு வயது மகள் செனுலி ரொம்ப நேரம் யோசித்தாள்.

“நான் கணக்குப் பாடத்தை விட்டுடறேன்.”

“அதுக்கு ஏதுடி செலவு?”

“டியூஷன் காசு மிச்சமாகுமே.”

அது செல்லாது என்று தீர்ப்பாகி, கடைசியில் அவளுடைய முதலை பனிஸ் போயிற்று. அது முதலை மாதிரி நீளமான இனிப்பு பன், மேலே சர்க்கரை தூவி இருக்கும். வாலில் ஆரம்பித்து, தலையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டு தின்பாள் குழந்தை.

“ஒண்ணே ஒண்ணு. நம்ம வீட்டுக் கஷ்டம் தெருவுக்குத் தெரியக் கூடாது,” என்று இரோஷினி அப்போதே கறாராகச் சொல்லிவிட்டாள். பாண்காரன் பியலிடம்கூட, “பாப்பாவுக்கு வயித்துல பூச்சி, டாக்டர் இனிப்பே கூடாதுன்னுட்டார்” என்று ஒரு கதையை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பாட்டு தெருமுனையில் கேட்டாலே வீட்டில் ஆளுக்கொரு அவசர வேலை முளைத்துவிடும். விபுல ஒழுகாத குழாயைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான்.

இப்போது அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்த மானத்தையும் இந்த பியல் கப்பலேற்றிவிட்டான்.

“வாங்கறதை நிறுத்தினதும் அவனுக்கு நாம செத்தவங்களாயிட்டோம், பார்த்தீங்களா?” என்று விபுலவிடம் பொரிந்தாள்.

“அவன் வண்டி, அவன் பாட்டு. விட்டுத் தள்ளு.”

“உங்களுக்கு ரோஷமே கிடையாது.”

“அதையும் லாட்டரியோட சேர்த்து விட்டுட்டேன்,” என்றான் விபுல.

அன்று சாயங்காலம் தெருமுனையிலிருந்தே பாடிக்கொண்டு வந்த ஆட்டோ, அவள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வாயை மூடிக்கொண்டது. இரோஷினி நடுத்தெருவில் போய் மறித்து நின்றாள்.

“ஏன் தம்பி, இது என்ன சாவு வீடா?”

பியல் பதறிப்போய் இறங்கினான். “ஐயோ, என்னக்கா இப்படிக் கேக்கறீங்க?”

“நீ பண்ற வேலை அப்படி. வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு துக்கம் விசாரிக்க வராங்க. உன்கிட்ட பனிஸ் வாங்கினாத்தான் எங்க வீட்டு முன்னாடி பாட்டா?”

“அப்படியெல்லாம் இல்லக்கா. பாட்டை நிறுத்தினா எனக்குத்தானே நஷ்டம்? பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் நான் வந்தது தெரியறதில்ல.”

“அப்புறம் ஏன் நிறுத்தற?”

பியல் தலையைச் சொறிந்தான். “நிறுத்தச் சொன்னவங்க, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க.”

“யாரு அது? சோமலதாவா?”

“உங்க பாப்பாதான்க்கா.”

இரோஷினிக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாட்டைக் கேட்டுக் கேட்டுக் குழந்தை எவ்வளவு ஏங்கியிருந்தால் இவனிடம் போய் இப்படிச் சொல்லியிருப்பாள்.

“பனிஸ் ஞாபகம் வந்துடும்னு நிறுத்தச் சொன்னாளா?”

“நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன். மனசு கேக்கல. வயித்துப் பூச்சியெல்லாம் ஓடிடும், காசும் வேணாம், சாப்பிடுன்னு ஒரு பனிஸை எடுத்து நீட்டினேன். தொடவே இல்ல.”

“என்னதான் சொன்னா?”

பியல் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“‘எனக்கு ஒண்ணுமில்ல மாமா. இந்தப் பாட்டு வந்தாத்தான் எங்கப்பா என் மூஞ்சியவே பார்க்க மாட்டேங்கறாரு’ன்னா.”