சிட்டுவின் பையில் இருந்த மாத்திரை

"என்னடி இது?"

பயிற்சியாளர் கையில் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் சிட்டுவுக்கு முகம் வெளிறிப்போனது.

பெஞ்சிலிருந்து சரிந்த அவளுடைய பையிலிருந்துதான் அது விழுந்தது. ஓட்டப் பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊக்க மாத்திரைதானே? வாயைத் திறந்து சொல்லு!"

"ஆமா சார்."

"உன்னோடதா?"

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். "என் பையில தானே சார் இருந்துச்சு."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்னிரண்டு வயதில் வெறுங்காலோடு வந்து நின்றவளை, நானூறு மீட்டரில் யாரும் நெருங்க முடியாத அளவுக்கு வளர்த்துவிட்டவர் அவர்.

"பதினாறு வயசுல இது கேக்குதா உனக்கு? ஓடுறப்பவே நெஞ்சு நின்னுபோனா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? போ! இனிமே இந்த மைதானத்துப் பக்கம் உன் நிழல்கூட விழக்கூடாது."

சிட்டு பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

நாளை மறுநாள் போட்டி. நானூறு மீட்டருக்கு ஒருத்திக்குத்தான் இடம். சிட்டு போனதும், எப்போதும் இரண்டாவதாக வருகிற அவருடைய மகளுக்கே அது வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்தும் அவருக்கு மனசு ஆறவில்லை. மகள் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தியாம்மா? இத்தனை நாளா குறுக்கு வழியிலதான் உன்னை முந்தியிருக்கா. நல்லவேளை, உன்னை நான் அப்படி வளர்க்கல."

மகள் பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள்.

"அப்பா, அது அவளோடது இல்லப்பா."

"பின்னே?"

"என்னோடது. 'என் பொண்ணா இருந்துக்கிட்டு ரெண்டாவது வர்றியே, வெளிய தலைகாட்ட முடியல'ன்னு போன வாரம் சொன்னீங்களே... மறுநாளே வாங்கிட்டேன். அங்கேயே சொல்லியிருக்கணும். பயத்துல நாக்கு எழும்பல."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... அவ பைக்குள்ள? நீயா போட்ட?"

மகள் இல்லையென்று தலையாட்டினாள்.

"நான் வாயில போடப் போனேன். 'செத்துகித்துப் போயிடாதடி, வேணும்னா நான் மெதுவா ஓடறேன்'னு சொல்லி, அவதான் பிடுங்கித் தன் பைக்குள்ள போட்டுக்கிட்டாப்பா!"