வெள்ளாற்றில் மீன் இல்லை

ஜெயலட்சுமிக்கு எரிச்சல் அடங்கவில்லை. மீன்வளத்துறை இன்ஸ்பெக்டராக அரியலூருக்கு மாற்றலாகி வந்த முதல் மாதமே இப்படி ஓர் அறிக்கை.

ஆற்று மீன்களைக் கணக்கெடுக்கும் நடராசன் எழுதியது. கொள்ளிடத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மீன் வகை. வெள்ளாற்றில் நான்கே நான்கு, வேறு மீன் இல்லை.

கொள்ளிடக் கரையில், திருமானூரில், வாராவாரம் வலை போட்டிருக்கிறார். வெள்ளாற்றில் இரண்டு வருஷத்தில் ஒரே தடவை, அதுவும் கோடையில்.

"பாக்காமலே இல்லைன்னு எழுதுவீங்களா நடராசன்?"

பஸ் வசதி சரியில்லை என்றார் அவர். வேலை செய்ய உடம்பு வணங்காதவர் என்று முடிவு கட்டினாள். அவருக்கு மெமோ கொடுப்பதற்கு முன் நேரிலேயே பார்த்துவிடலாமென்று மறுநாள் தனியாகக் கிளம்பினாள்.

பஸ் நடுவழியில் பிரேக்டவுன். மிச்ச தூரம் வெயிலில் நடை. லெப்பைக்குடிக்காட்டைத் தாண்டி ஆற்றில் இறங்கும்போது செருப்பும் அறுந்து போயிற்று. ஒவ்வொன்றுக்கும் நடராசனைத்தான் மனதுக்குள் திட்டினாள்.

மடுவில் பெண்கள் சிலர் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையேறிய ஒருத்தியிடம் சட்டி மீனைச் சாக்கில் கொட்டச் சொன்னாள். அவள் பெயர் வீராயி.

கெளுத்தி, ஆரால், உளுவை, குறவை, விரால் குஞ்சு, கெண்டையிலேயே மூன்று ரகம். ஒரு சட்டியிலேயே இத்தனை. ஜெயலட்சுமி வேகமாகக் குறித்துக்கொண்டாள். மெமோவின் வாசகம்கூட மனதில் தயாராகிவிட்டது.

"மீன் ஆபீஸுங்களா? நடராசன் சார் வரலீங்களா?" என்றாள் வீராயி.

"அவரை உனக்கு எப்படித் தெரியும்? அவருதான் இந்தப் பக்கமே வர்றதில்லையே."

"மாசா மாசம் வருவாருங்க. வலையப் பிரிக்காம, செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிடுவாரு."

"ஏன்?"

வீராயி தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அவளுடைய அம்மா வீடு மருதையாற்றுப் பக்கம். அங்கே நடராசன் ஒழுங்காகப் பார்த்து எழுதினார். அதைப் பார்த்து மறு வருஷமே ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையைச் சர்க்கார் ஏலம் விட்டது. ஏலம் எடுத்த குத்தகைக்காரன் காவல் போட்டான்.

"இப்ப என் தம்பி ஆத்துல எறங்குனா திருட்டுன்னு புடிச்சிட்டுப் போறாங்க. இங்கயும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதாங்க அவரு வலையத் தொடறதில்ல."

ஜெயலட்சுமி குறித்த தாளைக் கிழித்தாள். மீன்களைத் தானே அள்ளிச் சட்டியில் போட்டாள். எரிச்சல் மட்டும் போகவில்லை. யார்மேல் என்றுதான் இப்போது தெரியவில்லை.

மறுநாள் ஆபீஸில் அறிக்கையை நடராசன் முன்னால் வைத்தாள்.

"இதத் திருத்தணும்."

அவர் முகம் செத்துப்போயிற்று. வீராயி சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டார். அந்த ஜனங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"தெரியும். ஆனா ஒண்ணுமில்லாத ஆறுன்னு எழுதி வச்சா, நாளைக்கு எவனாவது ஆலைக் கழிவத் திருப்பி விடுவான். அப்ப நாம என்ன சொல்லித் தடுக்கறது?"

நடராசன் அறிக்கையைப் புரட்டி வெள்ளாற்றுப் பக்கத்தை எடுத்தார்.

ஜெயலட்சுமி பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மீன் இல்லைன்னு எழுதாதீங்க. நாங்க இன்னும் சரியாப் பாக்கலைன்னு எழுதுங்க. கீழே நானும் கையெழுத்துப் போடறேன், மேலேருந்து வர்ற திட்டு ரெண்டு பேருக்கும் வரட்டும்."